கணக்கில் வராத கேபின்

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால் இடப்பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை. சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே, சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு, சாயமும் பூச்சிமருந்தும் மருந்து மூலப்பொருளும் செய்யும் ஆலைகள். இவற்றின் சரக்கு பெரும்பாலும் லாரியில்தான் வருகிறது, லாரியில்தான் போகிறது. ஆனால் லாரி வந்து சேரும் நேரமும் ஆலை அதை உள்ளே விடும் நேரமும் ஒன்றல்ல. டேங்கர் வந்ததும் மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வந்தால்தான் அன்லோடிங். ஷிப்ட் முடிந்திருந்தால் மறுநாள் காலை. உள்தொட்டி நிரம்பியிருந்தால் அது காலியாகும் வரை. டிரைவர் அந்த நேரமெல்லாம் தன் கேபினில் குடியிருக்கிறார். நாமோ அங்கே ஒரு வண்டி நிற்பதாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம்.

அப்படிப் பார்க்கும்படி வைத்திருப்பதே அவருடைய திறமை. வண்டியில் வாழ்கிறவர் முதலில் கற்றுக்கொள்வது கண்ணில் படாமல் இருப்பதைத்தான். வீட்டு வாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எதிரே நிறுத்தமாட்டார். ஏற்கெனவே நிற்கும் வண்டிகளுக்குப் பின்னால் ஒட்டி நிறுத்துவார். இருட்டியதும் கேபின் விளக்கை அணைத்துவிட்டு, முன் கண்ணாடிக்கு உட்புறம் லுங்கியைத் திரையாகக் கட்டிக்கொள்வார். துவைத்த சட்டையும் துண்டும் உள்ளேயே, இருக்கைக்குப் பின்னால் கொடியில் காயும். சமைப்பதானால் வண்டியின் சாலை பார்க்காத பக்கம், டூல் பாக்ஸ் மறைவில். பாத்திரம் கழுவிய தண்ணீர் தார் ரோட்டில் ஓடாதபடி மண்ணில் ஊற்றுவார். விடியுமுன் வண்டியை ஐம்பது அடியாவது நகர்த்தி வைப்பார். ஒரே இடத்தில் நின்றால்தானே கேள்வி வரும். இயற்கை உபாதைக்குச் சவுக்குத் தோப்பு, அதுவும் இருட்டில். இதில் எதுவும் குற்றம் செய்தவன் ஒளிவதல்ல. யாருக்கும் தொந்தரவாகிவிடக் கூடாதென்று ஒரு மனிதன் தன் வாழ்க்கையைத் தானே சுருக்கி மடித்து வைத்துக்கொள்வது.

இந்தத் திறமையால் ஆதாயம் பெறுகிறவர் டிரைவர் அல்ல என்பதுதான் நான் சொல்ல வருவது. டிரைவர் சத்தமில்லாமல் காத்திருப்பதால், ஆலை தன் கிடங்கை விரிவாக்க வேண்டியதில்லை. வாசலில் நிற்கும் டேங்கரே கிடங்காகிவிடுகிறது. லாரி ஓனருக்கு ஹால்டிங் (காத்திருப்பு) காசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தங்குமிடச் செலவு மிச்சம். தொழிற்பேட்டைக்குக் கழிப்பறை கட்டும் வேலை மிச்சம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளி இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை வேண்டுமென்றது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தியது. ஒன்றிரண்டு வண்டி வைத்து ஓட்டுகிற ஓனர்கள் நிறைந்த இந்தத் தொழிலில், அந்த வரம்புக்கு வெளியே நின்றவர்கள் எத்தனையோ பேர்.

வேறு ஊரில் இப்படிக் காத்திருப்பது சௌகரியக் குறைவோடு முடிந்துபோகலாம். ரசாயனத் தொழிற்பேட்டையில் உயிர்ப் பிரச்சினை. 2021 மே 13 அன்று இந்தச் சிப்காட்டில் ஒரு பூச்சிமருந்து ஆலையில் நேர்ந்த விபத்தில் நச்சுப்புகையில் சிக்கி நால்வர் இறந்தார்கள். 2025 மே மாதம், விடியுமுன்பே, ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்துக் பக்கத்துக் குடிகாடு கிராமத்து வீடுகளுக்குள் ரசாயன நீர் புகுந்தது. அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகள் இரண்டு திட்டங்கள் கேட்கின்றன: மதிலுக்குள் நடப்பதற்கு ஆலை தயாரிப்பது ஒன்று, மதிலுக்கு வெளியே ஊருக்காக மாவட்ட ஆட்சியர் தயாரிப்பது இன்னொன்று. உள்ளே இருப்பவர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறார். சங்கு ஊதினால் ஒன்றுகூடும் இடத்தில் தலை எண்ணுவார்கள். குடிகாடு, ஈச்சங்காடு போன்ற பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர் வாக்காளர் பட்டியலில், ரேஷன் கடையில் இருக்கிறார். கேட் பாஸ் வாங்காத டிரைவர் இரண்டிலும் இல்லை. கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும்போது, ஆலைகளைத் தாண்டி வரும் காற்று நேராக அவர் நிற்கும் சாலைக்குத்தான் வரும். கண்ணாடியை ஏற்றித் திரை கட்டி, ஆளில்லாத வண்டிபோல ஆக்கிக்கொண்டு தூங்குகிறவரை யார் போய் எழுப்புவது?

டிரைவர்களே வண்டியை விட்டு வரமாட்டார்கள், அறை கட்டினாலும் காலியாகத்தான் கிடக்கும் என்று ஒரு மறுப்பு உண்டு. உண்மைதான். டீசல், பேட்டரி, ஸ்டெப்னி, தார்ப்பாய் எது போனாலும் அவர் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். அதனால்தான் கேட்கவேண்டியது அறை மட்டுமல்ல. காவலும் வெளிச்சமும் உள்ள நிறுத்துமிடம், அதன் ஓரத்தில் அறை. கேபின்தான் வசதியாகிவிட்டதே என்பார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளுக்கு ஏசி கட்டாயம். ஓடும்போது அது பெரிய ஆறுதல், சந்தேகமில்லை. நிற்கும் வண்டியில் ஏசி போட இன்ஜின் ஓடவேண்டும். டீசல் கணக்குக்கு அஞ்சுகிறவர், சத்தம் கேட்டு யாராவது வந்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறவர், இரவு முழுக்க இன்ஜினை ஓடவிடமாட்டார். ஐரோப்பாவில் இந்த விவாதம் நீதிமன்றம்வரை போனது. வாராந்தர 45 மணி நேர ஓய்வை வண்டிக்குள் கழிப்பது ஓய்வாகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வெளியே தங்கும் செலவு முதலாளியுடையது என்று 2020இல் சட்டமே எழுதினார்கள்.

ஊர்க்காரர்கள் சொல்வதுதான் எனக்குக் கனமாகப் படுகிறது. சாலையோரம் நிற்கும் லாரியில் இரவில் பைக் மோதிச் சாகிறவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள். தோப்பு அசுத்தமாவதும் அவர்களுடைய தோப்பு. ஏற்கெனவே ஆலைப் புகையைச் சுமக்கும் கிராமங்கள் இதையும் ஏன் சுமக்கவேண்டும்? சுமக்கக் கூடாது. ஆனால் விரட்டினால் லாரி மறையாது. இன்னும் இருட்டான இடத்துக்குப் போகும், விளக்கை இன்னும் சீக்கிரம் அணைக்கும். ஊரின் கோபமும் டிரைவரின் தேவையும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன, ஆலைகளின் செலவில் அமையவேண்டிய நிறுத்துமிடத்தை. பெட்ரோல் பங்குகளில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் படுக்கை, கழிப்பறை, குளிக்கும் இடம், தானே சமைக்கும் இடம் என்று எண்ணெய் நிறுவனங்கள் அமைத்து வருகின்றன. நெடுஞ்சாலையில் முடிகிறது, ஆலை வாசலிலும் முடியும்.

அதுவரை, பணம் செலவாகாத ஒரு வேலையை மாவட்ட நிர்வாகமும் ஆலைகளும் இன்றே செய்யலாம். வாசலில் காத்து நிற்கும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் டிரைவரின் செல்போன் எண்ணையும் காவலாளி ஒரு நோட்டில் எழுதட்டும். நள்ளிரவில் அபாயச் சங்கு ஊதினால் அந்தக் கேபின் கதவுகளைத் தட்டவேண்டியவர் யார் என்று அவசரகாலத் திட்டத்தில் ஒரு பெயர் இருக்கட்டும்.