கேட்க வேண்டியவள் நான்!

பேகம்பூர்ப் பள்ளிவாசலின் பாங்கொலி கேட்டு எழுபவள் நான். திண்டுக்கல் மலைக்கோட்டையின் மீது வெயில் ஏறுமுன் பேருந்தேறிப் பள்ளி சென்று, பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிப்பவள். அகவை இருபத்தேழு. மூத்தவளுக்கு நான்கு ஆண்டு. இளையவனுக்கு எட்டுத் திங்கள். அக்பர் அரியணை ஏறிய ஆண்டைக் கேட்டால் நொடியில் சொல்வேன். 'அடுத்த பிள்ளை எப்போது?' என்ற கேள்விக்கு மட்டும் விடை சொல்லும் உரிமை எனக்கு உண்டா, இல்லையா? அன்பர்களே, அதைத்தான் எட்டுத் திங்களாகத் தேடினேன்.

இளையவன் பிறந்த மூன்றாம் நாள். குருதியிழந்து, வெளிறிக் கிடந்தேன். செவிலி ஒருவர் படிவத்தை நீட்டினார். "இரண்டு போதும் அம்மா. கையெழுத்துப் போடு, இப்போதே முடித்துவிடலாம்" என்றார். நிலையான கருத்தடை அறுவை அது. மறுத்தேன், முகம் சுளித்தார். வீட்டுக்கு வந்தால் மற்றொரு கட்டளை காத்திருந்தது. "தடுப்பது பாவம். கொடுப்பவன் அல்லாஹ், உணவளிப்பவனும் அவனே" என்றார் மாமி. ஒருபுறம் அறுக்கச் சொன்னார்கள். மறுபுறம் பெறச் சொன்னார்கள். நடுவே கிடந்த உடலுக்கு ஒரு வாயும் உண்டு என்று எண்ணியவர் எவர்?

மாமியின் அச்சத்தை நான் எள்ளமாட்டேன். 1952-இல் உலகிலேயே முதன்முதலாகக் குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாக்கியது நம் நாடு. அதே நாட்டில்தான், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஓராண்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. 1976 நவம்பரில் அரியானாவின் உட்டாவர் என்னும் முஸ்லிம் சிற்றூரைக் காவலர் சூழ்ந்து, ஆடவரைப் பிடித்துச் சென்றனர். அச்சுறுத்தி அறிவைப் புகட்ட இயலுமா? நம் மாவட்டத்துக் காந்திகிராமத்தில் 1964-இல் தோன்றிய ஊரக நல்வாழ்வு நிறுவனம், நலப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் வழியைத் தேர்ந்தது. கல்வி கட்டியதைக் கத்தி இடித்தது. அந்த இடிபாடுதான் இன்றும் மாமியின் நெஞ்சில் கிடக்கிறது.

வரலாறு படித்தவளாயிற்றே, ஏடுகளைப் புரட்டினேன். நபிகளார் காலத்திலேயே 'அஸ்ல்' என்னும் முறை, அதாவது விந்து உட்செல்லாமல் விலக்கிக்கொள்ளுதல், வழக்கில் இருந்தது. திருமறை இறங்கிக்கொண்டிருந்த நாளிலும் தாங்கள் அவ்வாறு செய்துவந்ததாக நபித்தோழர் ஜாபிர் உரைத்ததைப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளும் பதிந்துள்ளன. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, பேறுகால இடரினின்று மனைவியைக் காப்பதற்கும், பிள்ளைகள் மிகுந்து தொல்லை சேராதிருப்பதற்கும் அதனை ஏற்றார். 1937-இல் எகிப்தின் தலைமை முஃப்தியும் கருத்தடைக்கு இசைவளித்தார். மாறுபடுவோரும் உண்டு, நிலையான மலடாக்கலை அறிஞருள் பெரும்பாலோர் ஏற்பதில்லை. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர் என்னும் மறைக்கட்டளையை எடுத்துக் காட்டுவார்கள். பிறந்த மகவைக் கொல்வதும், கரு உருவாகாமல் காப்பதும் ஒன்றாகுமா?

என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது வேறொன்று. மனைவியின் இசைவின்றிக் கணவன் 'அஸ்ல்' செய்யலாகாது என்று ஹனஃபி சட்ட அறிஞர் உள்ளிட்ட பலர் வகுத்திருந்தனர். இசைவு! பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏட்டில் இடம்பெற்ற மனைவியின் சொல், இன்று வீட்டில் இடம்பெறாதது ஏன்? 1930-களில் பெரியார் கருத்தடையை வலியுறுத்தியபோதும், பெண்ணின் விடுதலையைத்தானே முதற்காரணமாக வைத்தார்! வழிகள் வேறு, தட்டும் கதவு ஒன்று.

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். "மச்சான், இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்கிறேன்." தோல் பதனிடும் தொழிற்சாலையில் கணக்கெழுதும் அவர் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. மறுநாளே அஜரத்தைக் கண்டு வந்தார். "இருவரும் மனமொத்தால், மீண்டும் கருவுற வழியுள்ள முறையில் தவறில்லை என்றார்" என்றார்.

மருத்துவர் அம்மையார் பொறுமையாக விளக்கினார். காப்பர்-டி பத்தாண்டு வரை காக்கும். ஆனால் மாதவிலக்குக் குருதியை மிகுவிக்கக்கூடும். சோகையுற்ற எனக்கு அது ஏற்றதன்று. 2017-இல் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட 'அந்தரா' ஊசியை மூன்று திங்களுக்கு ஒருமுறை கட்டணமின்றிப் போடுகிறார்கள். அது கருமுட்டை வெளிவருவதையே நிறுத்துகிறது. தொடக்கத்தில் குருதிப்போக்கு முறை மாறலாம். ஊசியை நிறுத்திய பின், சில திங்கள் கழிந்து கருவுறும் ஆற்றல் திரும்பும். அதையே தேர்ந்தேன்.

நான் தனியள் அல்லேன். தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி, இந்திய முஸ்லிம் பெண் ஒருவர் பெறும் பிள்ளைகளின் சராசரி 1992-93-இல் 4.4, 2019-21-இல் 2.4. ஓசையின்றி எத்தனை இல்லங்களில் இந்த உரையாடல் நடந்திருக்க வேண்டும்!

மாமியிடம் மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "ஏழு பெற்றேன், இரண்டைப் புதைத்தேன். வேண்டுமா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை, அம்மா" என்றார். ஊசி போடச் சென்ற காலையில் இளையவனைத் தம் இடுப்பில் வாங்கிக்கொண்டு, "போய் வா" என்றார்.

அந்த இரு சொற்களுக்காகத்தான் இத்தனையும் எழுதினேன். உங்கள் இல்லத்திலும் ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கேட்டீர்களா?