பெயர் சொல்லி விற்கப்படும் கறி

லண்டன் ஆய்வுப் பயணம் குறித்து எழுதுமாறு பலர் கேட்டிருந்தீர்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் பார்த்த ஆவணங்களைப் பற்றித் தனியே எழுதுவேன். இப்பதிவு ஒரு பர்கரைப் பற்றியது. மூன்று வாரம் ஆவணக் காப்பகத்தில் அமர்ந்தவர் பர்கரைப் பற்றியா எழுதுவார் என்று சிலர் வியக்கக்கூடும். அந்தப் பர்கருக்கும் என் ஆய்வுப் பொருளுக்கும் உள்ள உறவே இதை எழுதத் தூண்டியது.

சென்னை மாகாணத்திலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற தோல் வணிகமே என் ஆய்வுப் பொருள் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். ஆவாரம்பட்டை கொண்டு பாதி பதனிடப்பட்ட மாட்டுத்தோல், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் வணிகப் பெயருடன் கப்பலேறியது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைவீரர்கள் அணிந்த காலணிகளின் மேற்பகுதிக்கு அத்தோல் பயன்பட்டது. தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள பெர்மண்ட்சி, 19ஆம் நூற்றாண்டு லண்டனின் தோல் தொழிலுக்கு நடுவிடம். நான் ஆம்பூரில் பிறந்தவன். என் தந்தை தோல் தொழிற்சாலைத் தொழிலாளி. எங்கள் ஊர்த் தோல் போய்ச் சேர்ந்த இடத்தைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆவலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சென்றேன்.

பழைய தோல் சந்தைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. தோலின் வாடை மட்டும் இல்லை. அலுவலகங்களும் சிறு பட்டறைகளும் குடியேறிவிட்டன. சற்றுத் தொலைவில், இரயில் பாதையைத் தாங்கும் செங்கல் வளைவு ஒன்றின் அடியில் சிறிய உணவகம் ஒன்றைக் கண்டேன். மர பெஞ்சுகள், மேசை விரிப்பு கிடையாது, தலைக்கு மேலே இரயில் போகும்போது குவளைகள் இலேசாக அதிரும். சுவரிலிருந்த கரும்பலகையில் அன்றைய பர்கரின் விவரத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள்: மாட்டின் இனம், அது வளர்ந்த பண்ணையின் பெயர், கறி வெட்டப்பட்ட உடற்பகுதி. விலை 14 பவுண்டு. ஏறத்தாழ 1,500 ரூபாய் என்று மனம் உடனே பெருக்கிச் சொன்னது. உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கு அந்தப் பெருக்கல் வாய்பாடு அனிச்சைச் செயல். ஆயினும் அமர்ந்தேன்.

நடுப்பகுதி சற்றுச் சிவப்பாக இருக்கலாமா, முழுதும் வேக வேண்டுமா என்று பரிமாறிய பெண் கேட்டார். அது வெறும் உபசாரக் கேள்வி அன்று. முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும்; அரைத்த கறியிலோ அவை உள்ளேயும் கலந்துவிடும். ஆகவே சிவப்பாகப் பரிமாற விரும்பும் உணவகங்கள் தனிப் பாதுகாப்பு முறைகளைக் கைக்கொள்ள வேண்டும் என்பது அந்நாட்டு உணவுத்தர முகமையின் விதி. முழுதும் வேகட்டும் என்றேன்.

வந்தது பெரிய பர்கர் அன்று; இரு கைகளுக்குள் அடங்கும் அளவுதான். வெண்ணெயில் வாட்டிய உட்புறம் கறிச்சாற்றை உறிஞ்சிக் கூழாகிவிடாமல் ரொட்டியைக் காத்தது. கறியின் மேற்புறம் கருஞ்செம்மையாய் மொறுமொறுத்தது. உள்ளே தளர்வாக, பல் பட்டதும் உதிர்ந்தது. அதன்மேல் உருகிய செடார் பாலாடைக்கட்டி, நெடுநேரம் வதக்கி இனிப்பேறிய வெங்காயம், புளிப்புக்கு ஊறவைத்த வெள்ளரி. வேறொன்றும் இல்லை. கொழுப்பின் கனத்தைப் புளிப்பு ஒவ்வொரு கடியிலும் துடைத்துக்கொடுத்தது. நம் ஊரில் பர்கர் என்ற பெயரில் விற்கப்படுவதில் கறியை மறைக்கச் சாறுகள் இருக்கும். இங்கே கறியைக் காட்டவே மற்றவை இருந்தன.

இச்சுவைக்குப் பின்னே எளிய வேதியியல் உண்டு. கடுஞ்சூட்டில் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் தருவதை 1912இல் விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார். அரைத்த கறியில் முன்கூட்டியே உப்பைப் பிசைந்தால் புரதம் கரைந்து ஒட்டிக்கொள்ளும். கறி ரப்பர் போல் இறுகும். கல்லில் இடும் நேரத்தில் மேலே தூவினால் உதிரித்தன்மை நிற்கும். என் அம்மா சுக்கா வறுக்கும்போது நீர் முழுதும் வற்றிய பிறகும் சட்டியை இறக்காமல் அடி பழுக்கும்வரை பிரட்டிக்கொண்டே இருப்பார். மயாரின் பெயர் அவருக்குத் தெரியாது. மயார் கண்டதை அவர் கை அறியும்.

பர்கரின் வரலாறு மதிப்பேற்றத்தின் வரலாறு. அது எளியோர் உணவாகவே தொடங்கியது. சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அவலத்தை அப்டன் சிங்க்ளேரின் ‘தி ஜங்கிள்’ 1906இல் நாவலாக்கிய பின், அரைத்த கறி என்றாலே அமெரிக்கர் அஞ்சினர். 1921இல் விச்சிட்டா நகரில் தொடங்கிய ஒயிட் காஸில், வெண்ணிறக் கடையும் பளபளக்கும் எஃகுமாக வாடிக்கையாளர் கண்முன்னே சமைத்து, 5 சென்ட்டுக்கு விற்று அந்த அச்சத்தைப் போக்கியது. 1948இல் மெக்டொனால்ட் சகோதரர்கள் அடுக்களையைத் தொழிற்சாலை வரிசைபோல் மாற்றினார்கள். 2001இல் நியூயார்க்கில் டானியல் பூலூ என்ற பிரெஞ்சு சமையற்கலைஞர் ஒயினில் வெந்த விலாக்கறியையும் வாத்து ஈரலையும் உள்ளே வைத்து, பர்கரை உயர்தர உணவகத்தின் மேசைக்கு ஏற்றினார். ஐயத்துக்குரிய ஏழை உணவு நூறாண்டுக்குள் பெருமைக்குரிய உணவாயிற்று. அரைத்த கறியின் இயல்பு இதற்கிடையில் மாறிவிடவில்லை; அதைச் சமைப்பவரும் உண்பவரும் மதிக்கப்பட்டதால் அதன் மதிப்பு மாறியது.

நம் நாட்டில் அதே கறியின் பாதை வேறு. 1996இல் இந்தியாவுக்கு வந்தபோது மெக்டொனால்ட்ஸ் மாட்டுக்கறியை விட்டுவிட்டே வந்தது. எருமைக்கறி ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று இந்தியா. ஆனால் நான் வாழும் ஹைதராபாதில் வாடகை வீடு தேடும்போது முதலில் வரும் கேள்வி நாம் என்ன உண்கிறோம் என்பதே. கறிக்கடையில் ‘படே கா’ என்றால் போதும். எந்த விலங்கு என்று எவரும் சொல்வதில்லை. ஆம்பூரில்கூட, 2022 மே மாதம் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றானது, சர்ச்சை எழுந்தது, விழா ஒத்திவைக்கப்பட்டது. பிரியாணியால் பெயர்பெற்ற ஊரிலேயே அந்த ஊரார் பலர் உண்ணும் பிரியாணிக்குப் பந்தல் இல்லை.

அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது இதைச் சொன்னேன்.

“நம்ம சுக்கா மாதிரி இருந்துச்சாப்பா?”

“இல்லம்மா, காரமே இல்ல. ஆனா நல்லாருந்துச்சு. எந்தப் பண்ணை மாடு, எந்த எடத்துக் கறின்னு பலகையில எழுதியே வச்சிருந்தாங்க.”

“எழுதியா வைப்பாங்க?” என்றார். சிறிது நேரம் பேசவில்லை. நாளிதழில் சுற்றி, துணிப்பையின் அடியில் வைத்து, மேலே கீரைக்கட்டைப் பரப்பி அவர் கறி வாங்கி வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு நினைவிருக்கின்றன.

லண்டனைப் புகழ்வது என் நோக்கம் அன்று. அந்தத் தோல் வணிகத்தின் இலாபம் எவரிடம் சேர்ந்தது என்பதைத்தான் மூன்று வாரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்த் தோலுக்கு அங்கே ஒரு வணிகப் பெயர் இருந்தது, தரப் பிரிவு இருந்தது, ஏலத்தில் விலை இருந்தது. அத்தோலை உரித்தவர்களும் பதனிட்டவர்களும் உண்ட கறிக்கு ஊரில் உரக்கச் சொல்ல ஒரு பெயர்கூட வாய்க்கவில்லை. பர்கரில் நான் சுவைத்த இன்பத்தில் பாதி, அதைப் பெயர் சொல்லிக் கேட்டு, சன்னலோரம் அமர்ந்து, எவர் பார்க்கிறார் என்று திரும்பிப் பாராமல் உண்டதில் இருந்தது. உணவுப் பண்பாடு குறித்து ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சமையல் குறிப்புகளைத் தொகுக்கும்போது, எந்த உணவு எந்தத் தெருவில் எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறது, எங்கே பெயரில்லாமல் வாங்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.