ஏறவும் இறங்கவும் ஒரே பூட்ஸ்! - குல்மார்க் பனியில் ஓர் அம்மாவின் அனுபவம்

பனிச்சறுக்கில் முக்கியமான பொருள் ஸ்கீ பலகை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் இரண்டு கால் கட்டைவிரல் நகங்களும் கறுத்து விழுந்த பிறகுதான், அது பூட்ஸ் என்று புரிந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, முதன்முதலாக குல்மார்க் போனபோது நடந்தது அது. வாடகைக் கடையில் பூட்ஸை மாட்டிப் பார்த்தேன். இரும்புப் பெட்டிக்குள் காலை வைத்தது போல் இருந்தது. "கொஞ்சம் லூசா கொடுங்க" என்று கேட்டு, ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறக்கும்போது 'வளர்ற பிள்ளை' என்று ஒரு சைஸ் கூட்டியே ஷூ வாங்கிய வீட்டில் வளர்ந்தவள். வேறெப்படித் தோன்றும்?

ஒவ்வொரு முறை சறுக்கி இறங்கும்போதும் கால் உள்ளே முன்னால் நழுவி, விரல்கள் பிளாஸ்டிக்கில் போய் முட்டின. அது நழுவாமல் இருக்க பக்கிள்களை இறுக்கினேன். ரத்த ஓட்டம் குறைந்து பாதம் மரத்துப்போனது. ஊர் திரும்பி இரண்டு வாரத்தில் நகங்கள் கழன்றன.

இந்த ஜனவரியில் மகள் சொன்னாள். "அம்மா, இந்தத் தடவை கோண்டோலாவில் ஏறாம, நாமளே ஸ்கீயோட மலை ஏறி இறங்கலாம். செப்டம்பர்ல நான் படிக்கப் போயிட்டா அப்புறம் எப்ப?"

எனக்கு 53 வயது. நடுவில் இன்னொரு குளிர்காலமும் வந்து ஓரளவு சறுக்கப் பழகியிருந்தாலும், முழங்கால் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால், அந்த 'அப்புறம் எப்ப?'வுக்கு என்னிடம் பதில் இல்லை. டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன்.

ஏறுவது ஒரு வேலை... இறங்குவது வேறு வேலை!

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். தங்மார்க் வரை சாதாரணச் சாலைதான். அதற்கு மேல் பனிக்காலத்தில் டயர்களில் சங்கிலி கட்டிய வண்டிகள்தான் ஏறுகின்றன. வளைந்து வளைந்து ஏறும் ஊசியிலைக் காடு திடீரென்று விலகி, வெள்ளைத் தட்டு போல ஒரு மைதானம் விரிகிறது. 'குல்மார்க்' என்றால் பூக்களின் புல்வெளி. பிப்ரவரியில் பூவும் இல்லை, புல்லும் இல்லை. ஃபெரன் அங்கிக்குள் காங்கிரி நெருப்புச் சட்டியை அணைத்தபடி நடக்கும் மனிதர்களும், எட்டிய தூரம் வரை பனியும்தான்.

ஊர் இருப்பது சுமார் 2,650 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து கோண்டோலாவின் முதல் கட்டம் 3,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கோங்டூரிக்குப் போகிறது. இரண்டாம் கட்டம் அப்பர்வட் மலையில் 3,900 மீட்டரைத் தாண்டிக் கொண்டுபோய் விடுகிறது. பெரும்பாலானவர்கள் இதில் ஏறி, சறுக்கி இறங்குவார்கள்.

மகள் சொன்னது 'ஸ்கீ டூரிங்'. பலகையின் அடியில் 'ஸ்கின்' என்ற நீளமான பட்டையை ஒட்டுவார்கள். நம் வீட்டு வெல்வெட் துணியை ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் தடுக்குமே, அதே கதைதான். முன்னால் தள்ளினால் நழுவும், பின்னால் வழுக்காது. குதிகாலை மட்டும் விடுவித்துக்கொண்டு, பலகையைத் தேய்த்துத் தேய்த்து மலை ஏற வேண்டும். உச்சியில் பட்டையை உரித்து, குதிகாலைப் பூட்டி, சறுக்கி இறங்க வேண்டும்.

சிக்கல் பூட்ஸில்தான். ஏறும்போது கணுக்கால் தாராளமாக முன்னும் பின்னும் மடங்க வேண்டும். எடை குறைவாக இருக்க வேண்டும். இறங்கும்போது அதே பூட்ஸ் கணுக்காலை அசையவிடாமல் பிடிக்க வேண்டும். நாம் முழங்காலைச் சாய்த்தால் அந்த அழுத்தம் அப்படியே பலகைக்குப் போக வேண்டும். இரண்டையும் செய்வதற்காகவே நடுத்தர ரக பூட்ஸ்கள் வந்திருக்கின்றன. பின்புறம் ஒரு சிறிய நெம்புகோல் இருக்கும். தூக்கினால் நடக்கலாம், அழுத்திப் பூட்டினால் சறுக்கலாம்.

கடையில் ஒரு பரீட்சை

எங்கள் வழிகாட்டி முப்பது வயது மதிக்கத்தக்க காஷ்மீரி இளைஞர். என் அரைகுறை இந்திக்கு மகள்தான் மொழிபெயர்ப்பாளர். வாடகைக் கடையில் அவர் முதலில் கேட்டது, "மேடம், உங்க பாதம் எத்தனை சென்டிமீட்டர்?"

ஸ்கீ பூட்ஸுக்கு நம் ஊர் 5, 6 நம்பர் கிடையாது. பாதத்தின் நீளம்தான் சைஸ். சுவரோடு குதிகாலை ஒட்டி நின்று அளந்தார்கள். 24.3. முதல் முறை நான் போட்டுக்கொண்டு போனது 26!

அடுத்து, பூட்ஸின் உள்ளே இருக்கும் மெத்தை உறையைக் கழற்றினார். அதை லைனர் என்கிறார்கள். வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்கள் முன்னால் தொடும்படி நிற்கச் சொன்னார். குதிகாலுக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்த்தார். ஒன்றரை, இரண்டு விரல் இடைவெளி இருந்தால் சரியான அளவு. அதற்கு மேல் இருந்தால் பெரிது. லைனரோடு போட்டுப் பார்த்தால் எல்லா பூட்ஸும் இறுக்கமாகத்தான் தெரியும். ஓடு பொய் சொல்லாது.

பிறகு லைனரை மாட்டி, ஒரே ஒரு மெல்லிய கம்பளி சாக்ஸோடு போட்டேன். குளிருக்குப் பயந்து நான் இரண்டு சாக்ஸ் போட்டிருந்தேன். அதைக் கழற்றவைத்துவிட்டார். இரண்டு சாக்ஸ் மடிந்து உராயும். ரத்த ஓட்டத்தையும் அழுத்தும். நேராக நின்றால் விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விரல்கள் பின்வாங்கி விடுபட வேண்டும். குதிகால் மட்டும் மேலே எழும்பவே கூடாது.

கடைசியில் இரண்டு ஜோடிகள் மிஞ்சின. ஒன்று, ஒரு காலுக்கு ஒரு கிலோதான். செருப்பு போல அத்தனை சுகம். இன்னொன்று ஒன்றரை கிலோ. பிடியும் முரட்டுப் பிடி. என் கை தானாகவே முதல் ஜோடிக்குப் போனது.

வழிகாட்டி தடுக்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "ஏறும்போது உங்களுக்குப் பயமா, இறங்கும்போது பயமா?"

"இறங்கும்போதுதான்."

"அப்ப கனமானதை எடுங்க. ஏறும்போது தப்பு பண்ணினா மூச்சுதான் வாங்கும். நின்னு ஏறலாம். இறங்கும்போது பூட்ஸ் கைவிட்டா, நிக்க முடியாது."

தினமும் ஆயிரம் மீட்டர் ஏறி, நாள்கணக்கில் மலையைக் கடக்கிறவர்கள் எடை குறைந்ததைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களுக்கு அது சரி. எனக்கோ ஏறுவது 400 மீட்டர். நடுக்கம் முழுக்க இறக்கத்தில். யார் எந்த பூட்ஸ் வாங்க வேண்டும் என்பதற்கு, நம் பயம் எங்கே இருக்கிறது என்பதுதான் நேர்மையான பதில் என்று தோன்றியது.

'ஃப்ளெக்ஸ்' என்ற எண்ணையும் காட்டினார். பூட்ஸ் எவ்வளவு விறைப்பு என்பதன் கணக்கு. கூடினால் விறைப்பு அதிகம். ஆனால், ஒரு கம்பெனியின் 100, இன்னொரு கம்பெனியின் 100-க்குச் சமம் என்று சொல்ல முடியாது. என் எடைக்கும் பழக்கத்துக்கும் 90-ஐ ஒட்டியது போதும் என்றார். பெண்களுக்கான பூட்ஸில் மேல்பகுதி சற்றுத் தாழ்வாக இருக்கிறது. நம் கெண்டைக்கால் சதை கீழே இறங்கியிருப்பதால் அப்படி.

கடைசியாக அடிப்பாகம். டூரிங் பூட்ஸின் நுனியில் இரு பக்கமும் சிறிய உலோகக் குழிகள் இருக்கும். ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் பார்தெல் 1980களில் உருவாக்கிய 'பின்' பைண்டிங்கின் முனைகள் அதில் போய்ப் பொருந்தும். குதிகால் தூக்கி நடக்க முடிவது இதனால்தான். ஆனால், வளைந்த ரப்பர் அடி கொண்ட இந்த பூட்ஸை, சாதாரண ஸ்கீயில் இருக்கும் பழைய பைண்டிங்கில் மாட்டக்கூடாது. விழும்போது காலை விடுவிக்க வேண்டிய பைண்டிங் விடுவிக்காமல் போகலாம், முழங்கால்தான் பலி. பூட்ஸும் பைண்டிங்கும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று கடைக்காரரைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நெம்புகோலை மறந்தேன்!

மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கிளம்பினோம். பையில் பனிச்சரிவில் சிக்கினால் ஆளைக் கண்டுபிடிக்க உதவும் டிரான்ஸீவர், நீளக் கம்பி, மண்வெட்டி. எங்கள் பாதை காட்டுக்குள் சாதுவானதுதான். ஆனாலும் இவை இல்லாமல், வழிகாட்டி இல்லாமல் யாரும் போகக்கூடாது என்பதில் அவர் கறார்.

பக்கிள்களைத் தளர்த்தி, நெம்புகோலைத் தூக்கி, தேய்த்துத் தேய்த்து ஏறினோம். பலகை பனியில் உரசும் ஓசை தவிர வேறு சத்தமில்லை. அரை மணி நேரத்தில் வலது குதிகாலில் சுள்ளென்று உறுத்தியது. சொன்னால் கேலி செய்வாளோ என்று தயங்கினேன். பிறகு சொல்லிவிட்டேன். உடனே நிறுத்தி பூட்ஸைக் கழற்றி டேப் ஒட்டினார். "உறுத்தும்போதே சொல்லணும் மேடம். கொப்புளம் வந்த பிறகு சொன்னா நாளே போச்சு."

பத்து நிமிடத்தில் கோண்டோலா போய்விடும் உயரத்துக்கு எங்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. கோங்டூரியில் சூடான நூடுல்ஸ். மேலே அப்பர்வட்டை மேகம் மூடியிருந்தது. காற்றால் இரண்டாம் கட்டமும் நிறுத்தப்பட்டிருந்தது.

ஸ்கின் பட்டையை உரித்தேன். குதிகாலைப் பூட்டினேன். பக்கிள்களை இறுக்கினேன். கிளம்பினேன். முதல் திருப்பத்திலேயே பின்னால் சாய்ந்து 'பொத்'தென்று பனியில் உட்கார்ந்தேன்.

மகள் ஓடி வந்து என் காலைப் பார்த்தாள். "அம்மா, நெம்புகோல்!"

நடக்கும் நிலையிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் தாங்க எதுவும் இல்லை. 'டக்'கென்று அழுத்தினேன். அந்த ஒரு சத்தத்தில் பூட்ஸ் வேறொன்றாக மாறியது. முழங்காலைச் சாய்த்தால் பலகை கேட்டது. எடையை மாற்றினால் திரும்பியது. நான் இழுத்த இடத்துக்கு அது வரவில்லை. நான் பார்த்த இடத்துக்கு அது போனது. நடுவில் நான்கு முறை நின்றேன். தொடை நடுங்கியது. ஆனால், விரல்கள் எங்கும் முட்டவில்லை.

கீழே மைதானத்தில் மகள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நான் போய் நின்றதும், "நகம்?" என்றாள்.

அறைக்கு வந்து, சாக்ஸைக் கழற்றி, ஹீட்டர் முன் காலை நீட்டி எண்ணிப் பார்த்தோம். பத்தும் பத்திரமாக இருந்தன. காவா டீயை என் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள், "லீவுக்கு வரும்போது மறுபடி ஏறலாம்மா. இதே சைஸை ஞாபகம் வெச்சுக்கோ."

24.3. மறக்கவா போகிறேன்?