எழுத்து ஒன்று, ஒலி வேறு

கோலாலம்பூரிலிருந்து தெற்கே செல்லும் இரயில் சாலாக் செலாத்தான் நிலையத்தில் நிற்கும்போது, அவ்வூரின் பெயரை மூன்று விதமாகக் கேட்கலாம். மலாய்க்காரர் சொல்லும்போது முதற்சொல்லின் ஈற்றுக் ககரம் தொண்டைக்குள்ளேயே அடைபட்டு நிற்கும். ஆங்கிலம் பழகிய முதியவர் ‘சலாக் சவுத்’ என்பார். தமிழ்ப் பாட்டியோ ‘சாலாக்கு’ என்று ஈற்றில் ஓர் உகரத்தைச் சேர்த்துச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். ஊர் ஒன்றே, அதனைச் சொல்லும் நாக்கள் மூன்று.

இதில் நகைப்பதற்கு ஏதுமில்லை. ஆயினும் ஒரு நாள் எழுந்த நகைப்பு, இவ்வூர்ச் சிறுவன் ஒருவனின் வாயைப் பல மாதங்கள் அடைத்துவிட்டது. தமிழ்ப்பள்ளிப் படிப்பை முடித்தவர் இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்ற காலம் அது. தனக்குத் தம்பியர் இருவர் என்று மலாயில் சொல்ல எழுந்தான் அவன். ‘இரண்டு’ என்னும் பொருளுடைய சொல், அவன் நாவில் ‘முதுமை’ என்னும் பொருளுடைய சொல்லாகிவிட்டது. வயது முதிர்ந்த தம்பியரை எண்ணி வகுப்பே சிரித்தது. அன்று அமர்ந்தவன் பிறகு எழவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் தலையசைவே விடையாயிற்று. “படிப்பு இவனுக்கு ஏறாது, பட்டறையில் சேர்த்துவிடலாம்” என்னும் பேச்சும் வீட்டில் எழுந்தது.

செய்தி அவனுடைய பழைய தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் செவிக்கு எட்டியது. அவர் முதலில் வருந்தினார், பின்னர் வெட்கினார். மலாய்ச் சொற்கள் விரைவில் மனத்திற் பதியட்டும் என்று அவற்றைக் கரும்பலகையில் தமிழெழுத்தால் எழுதிக் காட்டியவர் அவரே. ‘துவா’ என்று எழுதினால் அஃது இரண்டா, முதுமையா? ‘பாகி’ என்று எழுதினால் அது காலைப் பொழுதா, கொடுத்தலா? ரூமி எழுத்து இவற்றை வெவ்வேறாகக் காட்டும். தமிழெழுத்துக்கோ இரண்டும் ஒன்றே. பிழை சிறுவனின் நாவில் முளைத்ததன்று; பலகையிலிருந்து சென்றது என்பதை ஆசிரியர் உணர்ந்தார்.

தமிழெழுத்துக் குறையுடையது என்று இதற்குப் பொருளன்று. தமிழில் ஒலியை எழுத்து மட்டும் காட்டுவதில்லை. அது நிற்கும் இடமும் சேர்ந்தே காட்டுகிறது. ககரம் சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வன்மையாக ஒலிக்கும்: கல், பக்கம். மெல்லினத்தை அடுத்து வந்தால் அதிர்ந்து ஒலிக்கும்: தங்கம். உயிர்களுக்கிடையே தனித்து நின்றால் நெகிழ்ந்து ஒலிக்கும்: அகம். தகரமும் பகரமும் இவ்வாறே இடத்திற்கேற்ப மாறுவன. தமிழ்க் குழந்தை இதனை எவரும் கற்பிக்காமலே அறியும். இடர் என்னவெனில், மலாய் பேசும்போதும் அக்குழந்தை இவ்விதியைக் கைவிடுவதில்லை. அதிர்வொலியில் தொடங்கும் சொல்லை வல்லொலியாக்குகிறது. சொல்லின் நடுவே உள்ள வல்லொலியை நெகிழ்த்திவிடுகிறது.

இவ்விதிக்கு மலாய்மொழியே சான்று பகர்கிறது. தமிழிலிருந்து அங்குச் சென்ற சொற்களை ரூமியில் பார்த்தால் உண்மை புலப்படும். கடையின் ஒற்றை டகரம் அதிர்வொலியாகப் பதிவாகியுள்ளது. கட்டிலின் இரட்டை டகரம் வல்லொலியாக நிற்கிறது. கப்பலின் பகரம் வன்மை குன்றவில்லை. முதலின் தகரமோ நெகிழ்ந்து ‘மோடால்’ ஆயிற்று. தோழன் ‘தோலான்’ ஆனபோது, மலாயில் இல்லாத ழகரம் லகரத்திற்கு இடம் கொடுத்தது. இலக்கணம் படியாத வணிகர்களின் பேச்சைக் கேட்ட செவிகள், தமிழின் ஒலிமுறையை இவ்வளவு நுட்பமாகக் காத்துவைத்துள்ளன!

எதிர்த்திசைக்குப் பத்துமலை சான்றாகும். ‘கல்’ என்னும் பொருளுடைய மலாய்ச்சொல்லே அப்பெயரின் முதற்பகுதி. தமிழர் அதனை ஏற்றபோது நடுவிலுள்ள வல்லொலியைத் தகரத்தை இரட்டித்துக் காத்தனர். முதலிலுள்ள அதிர்வொலியை இழந்தனர். பின்னர் அச்சொல் எண்ணுப்பெயர்போல் ஒலிக்கவே, முருகன் உறையும் மலைகளை வரிசைப்படுத்தி, இது பத்தாவது என்று விளக்குவாரும் தோன்றினர்.

ஆசிரியர் சிறுவனை மாலைதோறும் தம் வீட்டிற்கு வரச்சொன்னார். முதல் நாள் மலாய்ச் சொல் ஒன்றையும் அவர் சொல்லவில்லை. “தம்பி என்று சொல்” என்றார். சொன்னான். “தொண்டையில் கைவைத்து, ‘ம்பி’ என்பதை மட்டும் சொல்.” சொன்னான். “இப்போது மகரத்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டு எஞ்சியதைச் சொல்.” விரல்களின் கீழ்த் தொண்டை அதிர்ந்தது. மலாயின் அதிர்வொலி அவன் வாயில் பிறந்துவிட்டது. பந்து என்னும் சொல்லிலிருந்து அவ்வாறே மற்றோர் ஒலி பிறந்தது; தங்கத்திலிருந்து மூன்றாவது கிடைத்தது. “ஒலி உன்னிடம் எப்போதும் இருந்தது, ஐயா! அதைச் சொல்லின் தலைவாயிலில் நிறுத்தத்தான் நீ பழகவில்லை” என்றார் ஆசிரியர். சிறுவன் அன்றுதான் நிமிர்ந்து பார்த்தான்.

பிற இடர்களும் உண்டு. 1972ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின், மலாயின் இருவகை எகரங்களுக்கும் ஒரே வடிவமே வழங்குகிறது. ‘செப்பாக்’ என்பதில் எகரம் தெளிவாக ஒலித்தால் உதைத்தல். மங்கி ஒலித்தால் அறைதல். பந்தாட்டத் திடலில் இவ்வேறுபாடு சிறியதன்று! குற்றியலுகரம் கற்ற மாணவனுக்கு, ஓர் உயிர் தன் முழுமை குன்றி ஒலிப்பது புதுமையாகாது. 1988இல் எழுத்துள்ளபடியே ஒலிக்கும் செந்தர உச்சரிப்பு பள்ளிகளில் புகுத்தப்பட்டு, 2000ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. ஒலிக்குச் செந்தரம் வகுப்பது அரசுக்கும் எளிதன்று என்பதை அது காட்டும்.

ஆங்கிலமோ வேறு வழக்கம் உடையது. அதன் வல்லொலி சொல்முதலில் மூச்சுக்காற்றோடு வெளிப்படும். இதழ்முன் பிடித்த தாள்துண்டு அசைந்தால் ஆங்கிலம். அசையாதிருந்தால் தமிழோ மலாயோ ஆகும். ஒரே ரூமி எழுத்தை டாக்சியில் டகரமாகவும் கோத்தாவில் தகரமாகவும் தமிழர் எழுதுவதும் செவியறிந்து செய்ததே.

தமிழ் கற்க வரும் பிறமொழியாளரின் நிலையையும் எண்ணல் வேண்டும். மலாயில் குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்துவதில்லை. ஆதலின் அவர் வாயில் கல் காலாகும், படம் பாடமாகும். வலியும் வழியும் வளியும் ஒன்றாகும். தொல்காப்பியப் பிறப்பியல் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு உறுப்புகளைக் கூறி, ஒலிகள் பிறக்கும் முறையை விளக்குகிறது. நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பது ழகரம் என்று காட்டினால், அயலாரும் அதனைக் கற்பர். ‘அவர்களுக்கு அது வராது’ என்பது சோம்பலின் சொல். அதே சொல்லைத் தமிழ்ச் சிறுவன்மீது பிறர் வீசியபோது வலித்ததன்றோ?

சில வாரங்கள் கழித்து அச்சிறுவன் வகுப்பில் எழுந்து, தனக்குத் தம்பியர் இருவர் என்றான். எவரும் சிரிக்கவில்லை, எவரும் பாராட்டவுமில்லை. பாடம் அடுத்த மாணவனிடம் சென்றது. அன்று மாலை ஆசிரியரிடம் அவன் சொன்னது அவ்வளவே. மறுநாட் காலை அவர் தம் வகுப்பறைக்குச் சென்றார். பலகையில் தமிழெழுத்தால் எழுதியிருந்த மலாய்ச் சொற்களை அழித்தார். மாணவரைத் தொண்டையில் கைவைக்கச் சொல்லி, ‘தம்பி’ என்று தொடங்கினார்.