முதுகுப் பக்கம் வீசிய காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். நம் நாகமலை புதுக்கோட்டையில் ஆடி பிறந்தால் மொட்டைமாடியில் காயும் வேட்டிக்கு நாலு கிளிப் போட வேண்டும். அந்தக் காற்றை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன ஆடியில் சென்னையிலிருந்து பேத்தி வந்தாள். "தாத்தா, கடல்ல நின்னுக்கிட்டே துடுப்புப் போடலாம், வாங்க" என்று ராமநாதபுரம் தாண்டி, உச்சிப்புளி பக்கம் பிரப்பன்வலசைக்குக் கூட்டிப்போனாள். ஸ்டாண்ட்-அப் பேடலிங் என்கிறார்கள். பத்தடிப் பலகை, ஒற்றைத் துடுப்பு, பலகையோடு கணுக்காலைப் பிணைக்க ஒரு கயிறு. கோவளத்து சேகர் பச்சை இதில் தேசிய சாம்பியன் ஆனவர்.

நானும் முழங்காலில் நின்று பார்த்தேன். இரண்டு முறை விழுந்ததும் போதும் என்று கரையேறிவிட்டேன்.

அது பாக் விரிகுடாக் கரை. தென்மேற்குக் காற்று நிலத்தைக் கடந்து நம் முதுகுப் பக்கமாக வருகிறது. அதனால் கரையோரம் அலையே இல்லை, தண்ணீர் தாம்பாளம் மாதிரி கிடந்தது. "குளம் மாதிரிதானே இருக்கு, போய்ட்டு வா" என்று நானே அனுப்பினேன்.

கால் மணி நேரத்தில் அவள் சிறு புள்ளியாகிவிட்டாள். திரும்பத் துடுப்புப் போடுகிறாள், பலகையோ பின்னால் போகிறது. கற்றுக்கொடுக்கும் தம்பி வேறொரு பக்கம் இருந்தார். அவள் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. காற்று அவள் குரலையும் கடலுக்கே கொண்டுபோயிற்று.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். "சார், நிக்கிற ஆளு பாய் மாதிரி. காத்து புடிச்சுத் தள்ளும். பாப்பாவைப் படுக்கச் சொல்லுங்க."

"படு கண்ணு! படுத்துக்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று அவள் பக்கம் போனதால் என் குரல் எட்டியது. பலகையில் குப்புறப் படுத்து, துடுப்பை உடம்புக்கு அடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினாள். கரை சேர அரை மணி ஆயிற்று. அந்த அரை மணியும் நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன்.

காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது டிக்டேயில் 'வான் தெ தேர்' என்று எழுதியிருக்கிறேன். தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன். அர்த்தம் விளங்க அறுபது வருஷம் ஆயிற்று.

பேரப்பிள்ளைகளோடு கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். ஒரு பிடி மணலைத் தூவிப் பாருங்கள். கடல் பக்கம் பறந்தால், தண்ணீர் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் பிள்ளைகளை உள்ளே அனுப்பாதீர்கள். உள்ளே இழுத்துப் போய்விட்டால் படுத்துக்கொண்டு வர வேண்டும். பலகையை மட்டும் விடவே கூடாது.

மகனிடம் இதை இதுவரை சொல்லவில்லை. இங்கே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.