வாக்குமூலமும் மனோநிலையும்

2024 வரை அமலிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164ஆவது பிரிவின்கீழ் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் பதிந்த மாஜிஸ்திரேட், போலீசாரை அறைக்கு வெளியே அனுப்பி, பேசவேண்டிய கட்டாயம் எதிரிக்கு இல்லை என்பதையும், பேசினால் அது அவனுக்கு எதிராகவே சாட்சியமாகக் கூடும் என்பதையும் நிதானமாக எடுத்துரைத்து, யோசிக்க அவகாசமும் அளித்த பின்னரே பேனாவை எடுக்கவேண்டியிருந்தது. உத்தியோக காலம் முழுவதும் இக்கிரமத்தைச் சிரத்தையுடன் அனுஷ்டித்த எனக்கு, அடியும் மிரட்டலும் இல்லையென்று நிச்சயப்பட்டுவிட்டால் மட்டும் வாக்குமூலம் சுயேச்சையானதாகிவிடுமா என்ற கேள்வி ஓயாமல் எழுந்துகொண்டே இருந்தது.

கொலராடோ எதிர் கானலி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986இல் விடை கூறியது இக்கேள்விக்குத்தான். 1983 ஆகஸ்டில் டென்வர் நகரில் ஒரு போலீஸ்காரரைத் தானே அணுகி, தான் கொலை செய்ததாக ஒருவன் கூறினான். அவரோ, மௌனமாயிருக்கும் உரிமை அவனுக்கு உண்டென்று முறைப்படி எச்சரித்தார். பாஸ்டனிலிருந்து வந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும், இல்லையேல் உயிரை மாய்த்துக்கொள்ளவேண்டும் என்று கடவுளின் குரல் அவனுக்குக் கட்டளையிட்டிருந்தது பிறகே வெளிவந்தது. தன் உரிமைகளை விளங்கிக்கொள்ளும் அறிவு அவனுக்கு இருந்தது, சுயமாகத் தீர்மானிக்கும் சக்தியே குன்றியிருந்தது என்றார் மனநல மருத்துவர். போலீசாரின் நிர்ப்பந்தம் இல்லாதவரையில் அவ்வாக்குமூலத்தை அரசியலமைப்பின் பெயரால் விலக்க இயலாது என்று தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் தீர்ப்பெழுத, நீதிபதிகள் பிரென்னனும் மார்ஷலும் மாறுபட்டனர்.

அந்தப் போலீஸ்காரரிடம் குற்றமில்லை என்பது மெய்யே. எனினும் வாக்குமூலத்தைப் பெறுகிறவரின் ஒழுங்கைக்கொண்டு, தருகிறவனின் சித்தத்தை அளந்துவிட முடியாது. நமது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 24ஆவது பிரிவும் தூண்டுதல், அச்சுறுத்தல், வாக்குறுதி என்ற வெளிக்காரணங்களையே சொல்லிற்று. உள்ளிருந்து ஏவும் குரலைக் கண்டறிவது மாஜிஸ்திரேட்டின் விவேகத்தைப் பொறுத்தது.

ஆகவே, "போலீசார் அடித்தார்களா?" என்பதோடு நில்லாமல், "இதைச் சொல்லும்படி யாரப்பா சொன்னது? ராத்திரி தூங்கினாயா? சொல்லாமல் போனால் என்ன நடக்கும்?" என்றும் கேட்பது என் வழக்கம். "சொல்லு, சொல்லு என்கிறார்களே, ஐயா" என்று பதில் வந்து, சொல்பவர் எவரென்றால் விழிப்பானாகில், பதிவை நிறுத்தி மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவதே நியாயம்.

இன்று இப்பொறுப்பை ஏற்கும் இளம் மாஜிஸ்திரேட்டுகளே, சட்டம் கேட்கச் சொல்லும் கேள்விகளோடு இவற்றையும் கேளுங்கள். விடையில் சந்தேகம் தட்டினால், அன்று வாக்குமூலம் எழுதாதீர்கள்.