தொட்டிலும் தொலைவழியும்

பயணம் என்றால் மூட்டை கட்டுவதும் வண்டி ஏறுவதும் என்றே பலரும் எண்ணுகின்றனர். நம் ஆண்மக்கள் பொருள் தேடிக் கடல் கடந்து சென்ற கதைகளை நாம் பெருமையுடன் பேசுகிறோம். அவர்கள் இறங்கிய துறைமுகங்களின் பெயர்களைக்கூட மறவாமல் வைத்திருக்கிறோம். ஆனால், கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய ஒரு தாய் வீட்டுக்குள் நாள் முழுதும் நடக்கும் நடையையோ, பிறந்த ஊரை விட்டுப் புகுந்த ஊருக்கு அவள் மேற்கொள்ளும் நெடும்பயணத்தையோ எவரும் கணக்கில் எழுதுவதில்லை. அந்தக் கணக்கைச் சிறிதேனும் எழுதிப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். குழித்துறையில், பதினான்கு மாதக் குழந்தையின் தொட்டிலை ஆட்டியவாறே நாம் சிந்தித்தவற்றைச் சகோதரிகள் படிக்க வேண்டும். சகோதரர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

வைகறை முதல் இரவு வரை

இவ்வூரில் பொழுது, கதிரவன் எழுவதற்கு முன்பே தொடங்கிவிடும். சுப்ஹு பாங்கு ஒலிக்கும் வேளையில் ரப்பர்ப் பால் வெட்டுவோர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டங்களுக்கு நடந்து செல்வர். தொழுகை முடிந்து அடுக்களைக்குள் புகுந்தால், அடுப்பு மூட்டுமுன் தொட்டிலில் இருந்து முதல் அழைப்பு வரும். சம்பா அரிசிக் கஞ்சி ஒருபுறம் கொதிக்க, மறுபுறம் குழந்தைக்காக ஏத்தங்காய் மாவு கிண்ட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து மட்டிப்பழம் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதைப் பலரும் செய்தியாகப் படித்திருப்பர். அந்தச் சிறு பழத்தை மசித்துப் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்த தாய்மார்களோ அதன் அருமையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள்.

கஞ்சிக்குப் பின் மீன் வரும். சாளையை அரிந்து கழுவி, மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து, நடுவில் மூன்று முறை குழந்தையைத் தூக்கிச் சமாதானம் செய்து முடிப்பதற்குள் லுஹருக்குப் பாங்கு ஒலித்துவிடும். இவை அனைத்தையும் விடப் பெரிய பாடு ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டையும் பெறுகின்ற மண் இது. நெல்லுக்கும் ரப்பருக்கும் அது நல்வாய்ப்பு. குழந்தையின் துணிகளை உலர்த்த வேண்டிய தாய்க்கோ அது சோதனை. ஆனி மாதத்தில் அடுக்களையின் குறுக்கே கயிறு கட்டி, அடுப்புச் சூட்டில் சிறு துணிகளைக் காயவைக்காத தாய் இப்பகுதியில் இருக்க மாட்டாள்.

இவற்றையெல்லாம் நாம் புலம்பலாக எழுதவில்லை. வேலை என்று பெயர் பெறாத வேலை எவ்வளவு என்பதைச் சொல்லவே எழுதுகிறோம். இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று நாடு முழுவதும் ஆய்வு செய்தது. ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றிற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகின்றனர் என்று அது கண்டறிந்தது. குழந்தைகளையும் முதியோரையும் பேணுவதற்கான நேரம் தனி: பெண்கள் 134 நிமிடங்கள், ஆண்கள் 76 நிமிடங்கள். “வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்” என்று கூறும் நாவுகளுக்கு இந்த எண்களே போதிய மறுமொழியாகும்.

ஆரல்வாய்மொழியைக் கடந்து

நாம் பிறந்தது தென்காசியில், வாழ்க்கைப்பட்டது குழித்துறையில். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். நாற்பது கழிந்து, குழந்தையுடன் புகுந்த வீட்டுக்குத் திரும்பிய அந்தப் பயணமே நம் மகளின் முதற் பயணம்.

திருநெல்வேலியைக் கடந்து தெற்கே வர வர நிலம் வறண்டு, முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாகச் சுழலத் தொடங்கும். மலைகளுக்கு இடையே ஆரல்வாய்மொழிக் கணவாய் திறந்து, அதைத் தாண்டிய சில நிமிடங்களில் வயலும் தென்னையும் குளமும் கண்முன் விரிந்துவிடும். உலகத்தின் ஒரு கதவைத் திறந்து மறுபுறம் வந்தது போன்ற அந்த உணர்வை, அவ்வழியே வந்தோர் அனைவரும் அறிவர். பலாப்பழம் ‘சக்கை’ ஆவதும், பேச்சில் மலையாளத்தின் சாயல் படிவதும் அக்கதவுக்கு இப்பால்தான். 1956 நவம்பர் முதல் நாளன்று தமிழகத்துடன் இணைந்த நான்கு தாலுக்காக்களில் ஒன்றான விளவங்கோட்டின் தலைநகர் குழித்துறை. எனவே இங்கு இரு மொழிகள் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன.

தென்காசியில் பிறந்து இந்த மண்ணுக்கு வந்தவர்களில் நாம் முதல்வர் அல்லர். மெய்ஞ்ஞானப் பாவலர் பீர்முகம்மது அப்பா பிறந்ததும் தென்காசியே. தக்கலைக்கு வந்து, தறி நெய்து வாழ்ந்து, அங்கேயே அவர் அடங்கியிருக்கிறார். அவரது ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் தக்கலையில் கூடிப் பாடுகின்றனர். ஒருவர் வந்து சேர்ந்த ஊரும் அவருக்குச் சொந்த ஊர் ஆகிவிடலாம் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று நமக்குத் தேவைப்படவில்லை.

அந்த முதற் பயணத்தில் நடந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். இடைவழியில் ஒரு பேருந்து நிலையத்தில் குழந்தை பசியால் வீறிட்டது. தாய்மார்கள் பாலூட்டுவதற்கென அங்கே ஓர் அறை இருந்தது. அறையின் கதவில் பூட்டும் இருந்தது. திறவுகோல் எவரிடம் இருக்கிறது என்று கேட்டு, குழந்தையின் வாப்பா மூன்று பேரிடம் அலைந்தார். இறுதியில் பூ விற்ற ஓர் அம்மாள் தம் கூடைகளை நகர்த்தி, சுவரோரம் இடம் தந்து, தம் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு நின்றார். 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகளைத் திறந்தது. நாட்டுக்கே வழிகாட்டிய நல்ல திட்டம் அது. ஆயினும் அறை கட்டுவது பாதி வேலைதான். அதைத் திறந்து, தூய்மையாக வைத்திருப்பது மறுபாதி.

ஆற்றோடு சில நாட்கள்

குழந்தை பிறந்த பின் நெடும்பயணங்கள் குறைந்தன. ஆனால் அருகில் உள்ளவற்றைக் காணும் வாய்ப்பு வந்தது. குழித்துறையின் ஓரமாக ஓடும் ஆற்றுக்கும் தாமிரபரணி என்றே பெயர். நெல்லைச் சீமையின் தாமிரபரணி கிழக்கே செல்ல, இதுவோ கோதையாறும் பரளியாறும் கூடி, மேற்கே ஓடித் தேங்காப்பட்டணத்தில் அரபிக்கடலைச் சேர்கிறது. ஆடி அமாவாசையை ஒட்டி நம் ஊரில் நடைபெறும் வாவுபலிப் பொருட்காட்சிக்குச் சமய வேறுபாடின்றி அனைவரும் செல்வர். அங்கிருந்து திரும்புவோர் கைகளில் மரக்கன்றோ பூச்செடியோ கட்டாயம் இருக்கும். நாம் வாங்கி வந்த கொய்யாக் கன்று இப்போது மகளின் உயரத்தை எட்டிவிட்டது.

தேங்காப்பட்டணத்துக்கு ஒரு மாலையில் சென்றோம். ஆறும் கடலும் சந்திக்கும் பொழிமுகத்தில் குழந்தை முதன்முதலாக மணலில் கால் பதித்தது. தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019) பிறந்த ஊர் அது. ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை எழுதியவரும், ‘சாய்வு நாற்காலி’க்காக 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றவரும் அவரே. இக்கரையோர முஸ்லிம்களின் வாழ்வை, அதன் ஒளியையும் இருளையும் மறைக்காமல், தமிழுலகின் முன் வைத்த பேனா அவருடையது.

மற்றொரு நாள் குழித்துறை நிலையத்தில் இரயில் ஏறிக் கன்னியாகுமரிக்குச் சென்றோம். திருவனந்தபுரத்தையும் குமரி முனையையும் இணைக்கும் இப்பாதை 1979இல் திறக்கப்பட்டது. பள்ளியாடி, இரணியல், நாகர்கோவில் என்று நிலையங்கள் வந்து போகப் போக, ஒவ்வொன்றிலும் குழந்தை கையசைத்தது. சன்னலோர இருக்கையில் இருந்த தாய்க்கோ, அடுப்பும் துணிக்கயிறும் நினைவில் இல்லாத இரண்டு மணி நேரம் கிடைத்தது.

இவை அனைத்திலும் நம் நெஞ்சைத் தொட்டது மாத்தூர்ப் பயணமே. கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்களின் வறட்சியைப் போக்க, காமராசர் காலத்தில் திட்டமிடப்பட்டு 1966இல் கட்டி முடிக்கப்பட்டது அத்தொட்டிப்பாலம். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்கி நிற்க, ஒரு மலையிலிருந்து மறு மலைக்குத் தண்ணீர் நடந்து செல்கிறது. நம் மாமியையும் உடன் அழைத்துச் சென்றோம். அவர்கள் இவ்வூருக்கு மணமாகி வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்கள். பாலத்தின் நடுவில் நின்று, கீழே ஆற்றையும் தென்னந்தோப்புகளையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவு கிட்டயா இது இருந்தது?” என்றார்கள்.

அதற்கு நம்மிடம் விடை இல்லை. அவர்களை எவரும் தடுத்ததில்லை. எவரும் அழைத்ததும் இல்லை. நம் சமுதாயத்தில் எத்தனையோ தாய்மார்களின் வாழ்க்கையை இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

எழுதப்படாத பயணங்கள்

பேரரசர் பாபரின் மகளார் குல்பதன் பேகம் ‘ஹுமாயூன் நாமா’ என்னும் வரலாற்றை எழுதியவர். அவர் 1576ஆம் ஆண்டில் அரச குடும்பத்துப் பெண்கள் சூழக் கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்று, அரபு நாட்டில் சில ஆண்டுகள் தங்கி, 1582இல் தலைநகர் திரும்பினார். இத்தகைய பயணத்தைப் பற்றி அவரே எழுதிய சொல் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய நூலின் எஞ்சிய ஏடு அதற்கு வெகு முன்னரே அறுந்து நின்றுவிடுகிறது. எழுதத் தெரிந்த அரச குமாரியின் பயணமே இவ்வாறு மறைந்தது என்றால், எழுத நேரமில்லாத தாய்மார்களின் பயணங்கள் எத்தனை மறைந்திருக்கும்!

ஆயினும் ஒரு தாயின் நடை மறையவில்லை. அன்னை ஹாஜரா, நீரற்ற பள்ளத்தாக்கில் தாகத்தால் துடித்த கைக்குழந்தை இஸ்மாயீலுக்காக ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார்கள். ஒருமுறைக்கு ஏறத்தாழ 450 மீட்டர்; ஏழு முறைக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் அரசரும் ஆண்டியும் அத்தாயின் அடிச்சுவட்டில் நடந்தே தீர வேண்டும். ஓர் இளந்தாயின் பதற்றமான ஓட்டத்தை இறைவன் வணக்கமாகவே ஆக்கிவிட்டான் என்றால், தாயின் நடை எளிதாகக் கருதத்தக்கதா? மக்காவில் ஸஃயு செய்துவிட்டு ஊர் திரும்பியவர், தம் வீட்டில் அடுக்களைக்கும் தொட்டிலுக்கும் இடையே ஓடுகின்ற மனைவியைக் கண்டும் காணாதிருப்பாரானால், அவர் அங்கே கற்றுவந்த பாடம்தான் என்ன?

வேண்டுவது

தாய்க்கு நாம் புகழுரைகளைக் குறைவாக வழங்கவில்லை. மேடைகளில் அவளைப் போற்றாதவர் இல்லை. அவளுக்குக் குறைவாகக் கிடைப்பது நேரமே. அந்த நேரத்தைத் தருவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மீன் அரிவதையும் துணி உலர்த்துவதையும் குழந்தையை உறங்க வைப்பதையும் ஆண்கள் தம் பங்காக ஏற்கலாம். நம் இல்லத்தில் இரவு நேரத் தொட்டில் குழந்தையின் வாப்பாவுடையது. அதனால் அவருடைய மதிப்பு அணுவளவும் குன்றிவிடவில்லை. குழந்தைக்கும் அவருக்கும் இடையே ஒரு தனி மொழியே உருவாகியிருக்கிறது. இக்கட்டுரையை எழுத நமக்கு நேரம் கிடைத்ததும் அவ்வாறே.

ஊராட்சிகளும் நகராட்சிகளும் செய்ய வேண்டியவையும் உண்டு. பூட்டில்லாத பாலூட்டும் அறை, தூய்மையான கழிவறை, நிழலுள்ள இருக்கை, குடிநீர் ஆகிய இந்நான்கும் இருந்தால், கைக்குழந்தையுடன் ஒரு பெண் அச்சமின்றி வெளியே வருவாள். ஊரின் நாகரிகத்தை அளக்க இவற்றைவிட நல்ல அளவுகோல் நமக்குத் தெரியவில்லை.

சகோதரர்களே! உங்கள் ஊருக்கு அருகிலும் ஓர் ஆறோ, ஒரு பாலமோ, ஒரு கடற்கரையோ இருக்கும். உங்கள் வீட்டிலும் அதை இன்னும் காணாத ஒரு தாய் இருக்கக்கூடும். அவர் கேட்கமாட்டார்; கேட்டுப் பழகவில்லை. இன்று அஸருக்குப் பின் நீங்களே சென்று அழையுங்கள். குழந்தையை உங்கள் தோளில் ஏற்றிக்கொண்டு, அவரைக் கைவீசி நடக்க விடுங்கள்.